குளக்கட்டும் ஒரு கொப்பியும்: வன்னிக் கிராமத்தில் நாள்தோறும் நடந்து, பார்த்து, எழுதும் முறை

இயற்கையை அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தூர இடங்களையே நினைக்கிறார்கள். வங்காலையில் பூநாரைகளைப் பார்ப்பதும் சுண்டிக்குளத்தின் கரையில் வலசைப் பறவைகளுக்காகக் காத்திருப்பதும் நல்ல அனுபவங்கள்தான்; வாய்ப்புக் கிடைத்தால் போய்வர வேண்டும். ஆனால் ஓர் ஊரின் மரமும் பறவையும் மழையும் நமக்குப் பழக்கமாக வேண்டுமென்றால், வீட்டுப் படலையில் தொடங்கி வீட்டுப் படலையிலேயே முடியும் ஒரு சிறிய பாதையைத் தெரிந்தெடுத்து, அதே பாதையில் நாள்தோறும் நடப்பதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. நேற்று அந்த மரத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இன்று அங்கே வந்திருக்கும் புதியது கண்ணிற் படும்.

என்னுடைய பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளமானது. ஒழுங்கையால் இறங்கி, வாய்க்கால் மதகைக் கடந்து, குளக்கட்டில் ஏறி, குளத்து நீரைத் திறந்துவிடும் துருசு வரை நடந்து, அங்கிருந்து மிகுநீர் வழிந்தோடும் வானுக்குப் போய், வயல் வரம்பு வழியாகத் திரும்பி வருவேன். நில்லாமல் நடந்தால் அரை மணி நேரம் போதும். நின்று பார்த்து நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். உங்கள் பாதையைத் தெரியும்போது இத்தகைய பல வகை நிலங்கள் அதில் அகப்படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குடிமனை, வாய்க்கால், திறந்த நீர்ப்பரப்பு, வயல், கொஞ்சம் பற்றைக்காடு ஆகிய ஐந்தும் ஒரே சுற்றில் கிடைப்பது வன்னியின் குளத்தை அண்டிய கிராமங்களுக்கு இயல்பாகவே வாய்த்த செல்வம். நீளத்தைக் குறைத்தாலும் இந்த வகைகளைக் குறைக்காதீர்கள்.

பாதையைத் தெரியும்போதே சொல்லவேண்டிய ஒன்று உண்டு. என் அக்காவின் குடும்பம் பிரான்சின் நடுப்பகுதியில், மலைப்பாங்கான ஒரு சிறு கிராமத்தில் வசிக்கிறது. அங்கே நடைபாதைகளின் ஓரத்தில் மரங்களிலும் கற்களிலும் கோடுகள் தீட்டியிருப்பார்கள்: மஞ்சட் கோடு ஊரைச் சுற்றிவரும் குறும்பாதைக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள வெள்ளை, சிவப்புக் கோடுகள் நெடும்பாதைக்கும் உரியவை. அந்தச் சிவப்புக் கோடு நடப்பவரை ‘இந்த வழியால் வா’ என்று அழைக்கிறது. நம் மண்ணில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை ‘வராதே’ என்று தடுக்கிறது. மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்து பெருமளவு நிலம் விடுவிக்கப்பட்டிருந்தாலும், எல்லா இடமும் முடிந்துவிட்டது என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. ஆகவே ஊர் மக்களும் மாடுகளும் அன்றாடம் புழங்கும் தடத்திலேயே நடக்க வேண்டும். ஒரு பறவையைப் பின்தொடர்ந்து பற்றைக்குள் இறங்கக்கூடாது. மழை மண்ணை அரித்துச் சென்ற இடத்தில் இனந்தெரியாத இரும்போ பிளாஸ்ரிக்கோ தெரிந்தால் தொடாமல், இடத்தை நினைவில் வைத்து, வந்த வழியே திரும்பிக் கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் முதல் நாள் நடையில் இதை மட்டுமே சொல்லிக்கொடுத்தாலும் போதும்.

விலங்குகளைப் பற்றியும் அதே கவனம் தேவை. யானை நடமாடும் ஊர்களில் நன்றாக வெளித்த பிறகே படலையைத் திறவுங்கள். பாதையில் ஈரம் காயாத இலத்தியைக் கண்டால் அன்றைய நடை அத்துடன் முடிந்தது. பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுக்கும் காலத்தில் கரடி அவற்றைத் தேடி வரும் என்பதால், அந்த மரங்களுக்குக் கீழே பழம் சிந்திக் கிடக்கும்போது தனியே போகாமல், இரண்டு பேராகப் பேசிக்கொண்டே நடப்பது நல்லது. திடீரென்று அருகில் மனிதரைக் காணும் கரடிதான் பாய்கிறது. துருசடியில் நீரோடு ஒட்டி நிற்காதீர்கள், குளத்தில் முதலை இருக்கக்கூடும். வரம்பில் நடக்கும்போது ஒரு தடியால் முன்னே உள்ள புல்லைத் தட்டிக்கொண்டு நடந்தால் புடையனும் நாகமும் விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். கடி பட்டுவிட்டால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கொண்டுபோக வேண்டிய பொருட்கள் மிகச் சில. ஒரு சிறிய கொப்பி, ஒரு பென்சில், அரை முழ நூல், தண்ணீர்ப் போத்தல், மூடிய சப்பாத்து ஆகியவை போதுமானவை. பேனையை விடப் பென்சிலை நான் விரும்புவதற்குக் காரணம், மழைத்துளி பட்டால் பேனை மை கரைந்து ஓடிவிடும். பென்சில் எழுத்து நிற்கும். தொலைநோக்கி வாங்க வசதியுள்ளவர்கள் 8×42 என்று குறிக்கப்பட்டதை வாங்கலாம்: எட்டு மடங்கு பெருக்கமும், முன்வில்லையில் 42 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள அது காலை மங்கலிலும் தெளிவாகக் காட்டும். ஆயினும் முதல் ஆறு மாதம் வெறுங் கண்ணோடும் காதோடும் நடந்தவர்கள் தொலைநோக்கியைப் பின்னர் நன்றாகப் பயன்படுத்துவார்கள் என்பது என் அனுபவம்.

நடையை நடுவே நிறுத்துவதுதான் இதில் முதன்மையான பயிற்சி. பாதையில் ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அதே ஐந்து இடங்களிலும் மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றும் இருக்காது, ஏனெனில் நம் வரவைக் கண்டு எல்லாம் ஒடுங்கியிருக்கும். இரண்டாவது நிமிடத்தில் புலுனிக் கூட்டம் மறுபடியும் சருகைக் கிளறத் தொடங்கும். மூன்றாவது நிமிடத்தில் கானாங்கோழி நாணலை விட்டு வெளியே வந்து வாலை நிமிர்த்தி நிமிர்த்தி நடக்கும். ஒரு நிறுத்தத்திலாவது கண்ணை மூடிக்கொண்டு காதுக்கு மட்டும் இடம் கொடுங்கள். செண்பகத்தின் ஆழ்ந்த குரலையும், செப்புக் குடத்தைத் தட்டுவதுபோல விடாமல் ஒலிக்கும் குக்குறுவானின் குரலையும் பிரித்து அறிந்துவிட்டால், இலைக்குள் மறைந்திருப்பவற்றில் பாதி உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எழுதும் முறைக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளும் முதல் வரியில் திகதி, புறப்பட்ட நேரம், காற்றின் திசை, வானத்தின் நிலை, துருசிலுள்ள அளவுகோலில் குளத்து நீர் நிற்கும் அடி ஆகியவற்றை எழுதுங்கள். காற்றுக்கு நம்மிடம் பெயர்கள் உண்டு: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். அந்தப் பெயர்களையே எழுதுங்கள். திசையும் பருவமும் ஒரு சொல்லில் அடங்கிவிடும். அதன் கீழே கண்டவற்றை, கண்ட இடத்தோடும் எண்ணிக்கையோடும், அது செய்துகொண்டிருந்த காரியத்தோடும் எழுத வேண்டும். ‘அழகான பறவைகள்’ என்று எழுதிய பக்கம் ஓராண்டு கழித்து ஒன்றும் சொல்லாது. ‘வானடியில் மருதமரத்தில் நீர்க்காகம் 14, மூன்று சிறகு விரித்துக் காய்ந்தன’ என்று எழுதிய பக்கம் பத்தாண்டு கழித்தும் பேசும். எண்ண முடியாத கூட்டமானால் பத்துப் பத்தாக மதிப்பிட்டு, மதிப்பீடு என்று குறித்துவிடுங்கள். ஒன்றும் காணாத நாளில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவதும் ஒரு பதிவுதான், அதை விட்டுவிடக்கூடாது.

மழையை அளக்க விரும்புகிறவர்கள் பக்கம் நேராக உள்ள பால்மா ரின் ஒன்றை, கூரையும் மரமும் மறைக்காத வெளியில், காற்றில் விழாதபடி நிறுத்தி, காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தால் நீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து ஊற்றிவிட வேண்டும். வானிலை நிலையங்களும் அதே நேரத்தில்தான் அளக்கின்றன என்பதால் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிடலாம். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். வளவின் பரப்பால் பெருக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கொப்பியை நான் எழுதத் தொடங்கியதே பெயர்களுக்காகத்தான். 2010இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது, முகாமிலும் இடம்பெயர்ந்த இடங்களிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் வேம்பையும் பனையையும் தவிர வேறு மரத்தைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாமல் நின்றார்கள். எனக்கும் பாதிதான் தெரிந்திருந்தது. மாட்டுப் பட்டி வைத்திருந்த ஒரு பெரியவரோடு நடக்கத் தொடங்கினேன். கட்டடியில் நின்ற ஒரு மரத்தை வீரை என்று நான் எழுதியபோது அவர் தடுத்து, “தம்பி, கொப்பைக் கிள்ளிப் பார். பால் வந்தால் அது பாலை. வீரையில பால் வராது” என்றார். கிள்ளிய இடத்தில் வெண்பால் துளிர்த்தது. முதிரை, யாவறணை, கருங்காலி, விண்ணாங்கு, பனிச்சை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட பக்கங்களே எனக்குக் கிடைத்த முதற் பாடநூல். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். தேன் எடுத்தவர், விறகு வெட்டியவர், மூலிகை பிடுங்கியவர், மாடு மேய்த்த ஆச்சி என்று யாராவது இருப்பார்கள். கிழமைக்கு ஒரு நாளாவது அவரை உங்கள் நடைக்கு அழையுங்கள். நடக்க இயலாதவரானால் ஒரு கொப்பை முறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்லும் பெயரை அவர் உச்சரித்தபடியே எழுதி, அந்த இலையைக் கொப்பியின் நடுவே வைத்து அழுத்தி, சொன்னவரின் ஊரையும் குறியுங்கள்.

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வருவது பிழையன்று. நாம் புலுனி என்பதைத் தமிழ்நாட்டு நூல்கள் தவிட்டுக்குருவி என்கின்றன. ஆறுமணிக்குருவி என்றும் தோட்டக்கள்ளன் என்றும் அழைக்கப்படுவது ஒரே பறவைதான். இரண்டையும் எழுதி, நிறம், பருமன், அலகு, குரல் ஆகியவற்றையும் எழுதிவிட்டால் பிற்பாடு யாரும் மயங்கமாட்டார்கள். பெயர் தெரியாதவற்றுக்கு நீங்களாக ஒரு பெயர் கட்டிவிட வேண்டாம். ‘தெரியாதது 7’ என்று இலக்கமிட்டு விவரத்தை எழுதி வைத்தால், என்றாவது ஒருவர் வந்து அந்த இலக்கத்துக்குப் பெயர் கொடுப்பார்.

அந்த ஆறுமணிக்குருவியின் வரவைக் குறிப்பது ஆண்டின் நல்ல தொடக்கமாகும். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னோடியான தூறல்கள் விழும் ஐப்பசி மாத அளவில் இந்தியாவிலிருந்து வந்து, விடியும் பொழுதிலும் மங்கும் பொழுதிலும் இரண்டு சுரமாகச் சீழ்க்கை அடிக்கும். முதற்குரல் கேட்ட நாளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதே நாட்களில் மணற் பாதையில் தம்பளப்பூச்சி வரும். சிவப்பு வெல்வெற்றுத் துணியில் வெட்டி எடுத்த துண்டுபோல ஊரும் அதைக் குனிந்து பார்த்துக் கால்களை எண்ணினால் எட்டு இருக்கும். ஆறு கால் உள்ள பூச்சி இனத்தை விடச் சிலந்திக்கே அது நெருங்கிய உறவு என்பதை ஒரு பிள்ளை தானே எண்ணிக் கண்டுபிடித்தால் அது வாழ்நாள் முழுவதும் மறக்காது. கார்த்திகையில் வேலிகளில் கார்த்திகைப்பூ ஏறியிருக்கும். ஒரு பூவின் காம்பில் நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளமிட்டு, அதை மட்டும் தினமும் பாருங்கள்: பச்சை கலந்த மஞ்சளாக விரிந்தது, மேலிருந்து சிவந்து, இறுதியில் முழுச் சிவப்பாகும். எத்தனை நாளில் என்பதை உங்கள் கொப்பியே சொல்லும். அதன் கிழங்கு கடும் நஞ்சு, பிடுங்கக்கூடாது.

குளம் வான் பாயும் நாள், முதல் நெற்கதிர் தெரிந்த நாள், மாரிகால நெல்லான காலபோகத்தின் அறுவடைக்குப் பின்னால் வெட்டு இயந்திரத்தைத் தொடர்ந்து கொக்குகள் வந்த நாள், கொன்றை பூத்த நாள், சோளகம் தொடங்கிய நாள், முதற் பாலைப்பழம் உதிர்ந்த நாள் ஆகியவற்றைக் கடைசிப் பக்கத்தில் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் குளம் வற்றி அலைகரை வெளித்திருக்கும் காலத்தைப் பலர் வெறுமையான காலம் என்று எண்ணி நடையை நிறுத்திவிடுகிறார்கள். நான் மிகவும் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். ஓர் ஆனி மாதக் காலையில் அலைகரையின் சரளைத் தரையில் ஆட்காட்டி ஒன்று என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. நான் நின்ற இடத்திலிருந்து நாலெட்டுத் தூரத்தில், கூடு என்று சொல்ல முடியாத ஒரு சிறு குழியில், நான்கு முட்டைகள் கூர்முனைகளை உள்ளே வைத்துக் கிடந்தன. மண்நிறத்தில் கரும்புள்ளி இட்ட அவற்றைச் சரளைக் கற்களிலிருந்து பிரித்தறிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. உடனே விலகி, அதன் பிறகு கட்டின் மேலிருந்தே பார்த்தேன். உச்சி வெயிலில் தாய்ப்பறவை எழுந்து நீருக்குப் போய், வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்தது. சூடாக்குவதற்கு அல்ல, குளிர்விப்பதற்காக அடைகாக்கும் பறவையை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். ஏறத்தாழ நான்கு கிழமையில் குஞ்சுகள் பொரித்தன. இத்தகைய கூட்டைக் கண்டால் அருகில் நிற்காதீர்கள், படம் எடுப்பதற்காகத் திரும்பவும் போகாதீர்கள்; நம் காலடியைத் தொடர்ந்து நாயும் கீரியும் வரும்.

தடங்களை வாசிப்பதற்கும் கோடையே நல்ல காலம். மணற் பாதையில் காலை வெயில் சாய்வாக விழும்போது தடத்தின் விளிம்பில் நிழல் நின்று உருவம் தெளிவாகத் தெரியும். யானையின் முன்காற் தடம் வட்டமாகவும் பின்காற் தடம் சற்று நீண்டும் இருக்கும். பழைய தடமென்று உறுதியானால், முன்காற் தடத்தின் விளிம்பைச் சுற்றி நூலை வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்த யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். உங்கள் நூல் போதாவிட்டால் பல தரமாக வைத்து அளந்து கூட்டலாம். கறையான் புற்று ஒன்று ஒரு பக்கமாகத் தோண்டி உடைக்கப்பட்டு, நீண்ட நகக் கீறல்கள் தெரிந்தால் கரடி வந்து போயிருக்கிறது.

முன்னோர் சொல்லிவைத்தவற்றையும் இந்தக் கொப்பியில் சோதித்துப் பார்க்கலாம். தும்பி தாழப் பறந்தால் மழை என்றும், எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்றும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். தும்பி தாழப் பறந்து மழை பெய்த நாளை மட்டும் நினைவில் வைத்திருப்பதால் பழமொழி எப்போதும் சரியாகவே தோன்றும். தாழப் பறந்தும் பெய்யாத நாளையும், உயரப் பறந்தும் பெய்த நாளையும் சேர்த்து ஒரு பருவம் முழுவதும் எழுதுங்கள். பழமொழியைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்களும் இப்படி நாள்தோறும் பார்த்தே சொல்லியிருப்பார்கள், நாமும் அதே வேலையைச் செய்கிறோம்.

புலம்பெயர்ந்த உறவினர் உள்ளவர்கள் அவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கொப்பிகளைத் தொலைபேசியில் வாசித்துக்கொள்கிறோம். சித்திரை மாத அளவில் எங்கள் மின்கம்பிகளில் வரிசையாக இருக்கும் தகைவிலான்கள் போய்விடும். அதே நாட்களில் அக்காவின் ஊரில் மாட்டுக்கொட்டகைக் கூரைகளுக்குத் தகைவிலான்கள் வந்து கூடு கட்டும். இனம் ஒன்றே, ஆனால் எங்களை விட்டுப் போனவை அவளிடம் போவதில்லை. ஐரோப்பாவில் கூடு கட்டுபவை குளிர்காலத்தை ஆபிரிக்காவில் கழிக்கின்றன. நம்மிடம் வருபவை ஆசியாவின் வடபகுதியிலிருந்து வருகின்றன. இதை அறிந்தபோது அக்கா சற்று மனம் வாடினாள். ஆயினும் தன் ஊரில் முதற்பறவை வந்த நாளைச் சொல்ல அவள் ஒரு ஆண்டும் தவறியதில்லை.

திகதியோடு எழுதிய சிறு குறிப்பு என்ன பெறும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. பிரான்சின் பூர்கோன் பகுதியிலுள்ள போன் என்ற ஊரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாள் 1354ஆம் ஆண்டு முதல் பதிவாகியுள்ளது. வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய நூற்றாண்டுகளின் கோடை எவ்வளவு சூடாக இருந்தது என்பதை ஆய்வாளர்கள் அந்த நாட்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். வெப்பம் மிகுந்த ஆண்டில் திராட்சை முந்திப் பழுக்கும். அந்த நாட்களை எழுதி வைத்தவர்கள் தங்கள் ஊரின் அறுவடைக்காகவே எழுதினார்கள். நம்முடைய குளம் வான் பாய்ந்த நாளும் பாலைப்பழம் உதிர்ந்த நாளும் அதே தன்மையானவை.

எழுதி முடித்த கொப்பியைக் காப்பதில் கவனம் வேண்டும். என் முதல் இரண்டு கொப்பிகளைச் சுவரோரத் தட்டில் வைத்திருந்தேன். ஒரு மாரியில் கறையான் அட்டையை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டது. அந்தப் பெரியவர் சொல்லி நான் எழுதிய மரப்பெயர்கள் அவற்றில்தான் இருந்தன, அவரும் அப்போது உயிரோடு இல்லை. ஆகவே மாதமுடிவில் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வேறொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். கொப்பிகளைத் தகரப் பெட்டியில், காய்ந்த வேப்பிலை இட்டு, நிலத்தில் படாமல் செங்கல் மேல் வையுங்கள். பெட்டியின் மேற்பக்கத்தில் ஊரின் பெயரையும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதையும் வண்ணத்தால் எழுதி, திறப்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இளையவர் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.